பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார்?

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பிறக்கும் வேளையில் பெங்களூர் மாநகரின் காலைப்பொழுது புதியதொரு தோற்றம் கொள்கிறது. தூறல் விழும் சாலைகளில் புதிய சீருடையும் புதிய புத்தகப் பையுமாகக் குழந்தைகள் பள்ளிப் பேருந்துக்காகக் காத்து நிற்கின்றனர். அரசுப் பள்ளிகளின் வாயிலில் தோரணம் கட்டி, 'சாலா பிராரம்போத்ஸவ' என்ற பெயரில் விழா எடுத்து, இனிப்பு வழங்கிக் குழந்தைகளை வரவேற்கும் வழக்கமும் கர்நாடகத்தில் உண்டு. பெங்களூர், பிழைப்பை நாடிப் பல மாநிலத்தவரும் வந்து சேரும் நகரம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ குழந்தைகள் அறிமுகமில்லாத பள்ளியில், அறிமுகமில்லாத முகங்களின் நடுவே, ஒருவேளை அறிமுகமில்லாத மொழியின் நடுவே முதன்முதலாக அடியெடுத்து வைக்கின்றனர்.

முதல் நாள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தோ, உயரத்தைப் பார்த்தோ இடம் ஒதுக்குகிறார். ஒரு குழந்தையின் அருகில் மற்றொரு குழந்தை வந்து அமர்கிறது. இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் நட்பு அந்த இருக்கையிலிருந்தே தொடங்கலாம். அல்லது 'இவன் நம்மவன் அல்லன்' என்னும் விலக்கமும் அங்கேயே வேர்விடலாம். எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் சொற்களே.

வீட்டில் பெற்றோர் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: 'நல்ல பிள்ளைகளோடு மட்டும் சேர வேண்டும்.' இது தவறான அறிவுரை அன்று. ஆனால் கோயிலிலும் சத்சங்கத்திலும் அதே பெற்றோர் மற்றோர் உபதேசத்தையும் கேட்கின்றனர்: 'எல்லா உயிர்களிலும் இறைவன் உறைகிறான், எவரும் அந்நியர் அல்லர்.' ஆராய்ந்து நட்புக் கொள் என்பது ஒரு கட்டளை. அனைவரையும் நேசி என்பது மற்றொரு கட்டளை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா? ஒரு குழந்தை இவற்றுள் எதனைப் பின்பற்றுவது? இது குழந்தைகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. அறநெறியை நாடும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி.

சமமானவர்க்கே நட்பா?

மகாபாரதத்தில் பள்ளித் தோழமையின் கதை ஒன்று வருகிறது. பாஞ்சால நாட்டு இளவரசன் துருபதனும் ஏழை அந்தணச் சிறுவன் துரோணரும் பரத்வாஜரின் ஆசிரமத்தில் ஒன்றாகப் பயின்றனர், ஒன்றாக விளையாடினர். காலம் கடந்தது. துருபதன் அரியணை ஏறினான். துரோணரோ தம் மகன் அசுவத்தாமனுக்குப் பால் வாங்கித் தரவும் இயலாத வறுமையில் இருந்தார். மற்றச் சிறுவர்கள் மாவைக் கரைத்துப் பாலென்று கொடுக்க, அதைக் குடித்து மகன் துள்ளியதைக் கண்டு மனம் நொந்த துரோணர், பழைய நண்பனைத் தேடிச் சென்றார். அரசனும் ஆண்டியும் நண்பர்களாக இருத்தல் இயலாது, நட்பு என்பது சமமானவர்களுக்கு இடையில்தான் என்று கூறித் துருபதன் ஏளனம் செய்தான்.

இதன் பின் நிகழ்ந்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. துரோணர் குரு வம்சத்து இளவரசர்களுக்கு வில்வித்தை கற்பித்து, குருதட்சிணையாகத் துருபதனைச் சிறைப்பிடித்து வரச் செய்தார். நாட்டில் பாதியைத் தாம் எடுத்துக்கொண்டு, மறுபாதியை அவனுக்கே திருப்பித் தந்தார். இனி இருவரும் சமம்; ஆகவே நட்புக் கொள்ளலாம் என்றார். நட்பை உடைமையால் அளந்த துருபதனின் அளவுகோலை அவரும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார் அன்றோ! இருவரும் சமமாயினர், நண்பர்களாகவில்லை. அவமானம் தாளாத துருபதன் வேள்வி செய்து திருஷ்டத்யும்னனை மகனாகப் பெற்றான். குருக்ஷேத்திரப் போரில் துரோணரின் தலையைக் கொய்தவன் அந்த மகனே.

ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் மற்றொரு பள்ளித் தோழமையைக் காட்டுகிறது. கண்ணனும் குசேலரும் சாந்தீபனி முனிவரின் குருகுலத்தில் பயின்றவர்கள். பிற்காலத்தில் ஒருவர் துவாரகையின் நாயகர். மற்றவர் கந்தல் உடுத்திய ஏழை. மனைவியின் வேண்டுகோளுக்காகக் குசேலர் துவாரகை சென்றபோது கண்ணன் ஓடிவந்து தழுவினான். பாதங்களைக் கழுவி அமரச் செய்தான். அவன் பேசியது துவாரகையின் செல்வத்தைப் பற்றி அன்று. குசேலரின் வறுமையைப் பற்றியும் அன்று. குருவின் இல்லத்துக்காக விறகு தேடிக் காட்டுக்குச் சென்று, பெருமழையில் வழி தவறி, இரவு முழுவதும் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி நின்ற நாளையே அவன் நினைவுகூர்ந்தான். பின்னர் குசேலர் கூச்சத்தால் மறைத்து வைத்திருந்த அவலைத் தானே பறித்து உண்டான்.

இந்த அவலில்தான் நட்பின் நுட்பம் இருக்கிறது. கண்ணன் கொடுப்பவனாக மட்டும் நின்றிருந்தால் அது தானம். நண்பனிடமிருந்து முதலில் தான் பெற்றுக்கொண்டான்; அதனால் அது நட்பு. சமநிலை நட்புக்கு முன்நிபந்தனை அன்று. நட்பே சமநிலையை உண்டாக்குகிறது.

கிரேக்கச் சிந்தனையாளர் அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் நட்பை மூவகையாகப் பகுத்தார்: பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்குணம் கருதியது. இளையோரின் நட்பு பெரும்பாலும் இன்பம் கருதியதாகையால் விரைவில் மாறிவிடும் என்பதையும் அவர் குறிப்பிட்டார். நண்பர்களிடையே நிலை வேறுபாடு மிகப் பெரிதாகும்போது நட்பு நிலைப்பது அரிது என்பதும் அவர் கருத்து. உலகியலில் இது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் உலகில் பெரும்பாலும் நிகழ்வது வேறு. மனிதன் முயன்று அடைய வேண்டியது வேறு.

ஆராய்தல் என்பது எதை?

திருவள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை நட்புக்கென ஒதுக்கினார். இவற்றுள் நட்பாராய்தல் என்னும் அதிகாரம், பெற்றோரின் எச்சரிக்கைக்கு வலுவான ஆதாரமாகும். ஆனால் அங்கே ஆராயச் சொல்லப்படுவன யாவை? குணம், குற்றத்துக்கு அஞ்சும் இயல்பு, தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணிவு, துன்பக் காலத்தில் கைவிடாத உறுதி ஆகியவையே. குடிப்பிறப்பும் ஆராயப்பட வேண்டியவற்றுள் ஒன்றாக அங்கே வருகிறது. அதுவும் பழிக்கு நாணும் பண்பையே நாடி வருகிறது. செல்வமும் வீட்டின் பரப்பும் பேசும் மொழியும் அந்தப் பட்டியலில் இல்லை.

தமிழ் மரபு போற்றும் நட்புகளுள் ஒன்று கோப்பெருஞ்சோழனுக்கும் பிசிராந்தையாருக்கும் இடையே நிலவியது. ஒருவர் உறையூரில் இருந்து ஆண்ட மன்னர். மற்றவர் பாண்டி நாட்டுப் புலவர். நேரில் பாராமலேயே ஒருவர்பால் ஒருவர் அன்பு கொண்டிருந்தனர். சோழன் வடக்கிருந்து உயிர் துறக்க முனைந்தபோது, பிசிராந்தையாருக்கும் தன் அருகில் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்து சேர்ந்தார். அருகில் ஓர் இடம் ஒதுக்கி வைப்பது என்பதன் முழுப் பொருளை இச்செய்தி உணர்த்துகிறது.

ஆராய்தல் என்றால் பழகிப் பார்த்து அறிதல். பழகுவதற்கு முன்பே, முகவரியையும் உடையையும் மதிய உணவு டப்பாவையும் கண்டு விலக்கிவிடுவது ஆராய்தல் ஆகாது. ஆராய மறுத்தலே ஆகும். கல்கத்தாவில் வழக்கறிஞர் விசுவநாத தத்தரின் வரவேற்பறையில் வெவ்வேறு சாதியினருக்கென வெவ்வேறு ஹுக்காக்கள் வைக்கப்பட்டிருந்தன. அவருடைய மகன் நரேந்திரன் ஒவ்வொன்றையும் வாயில் வைத்துப் பார்த்தான். சாதி எப்படிப் போகிறது என்று பார்க்கவே அவ்வாறு செய்ததாகத் தந்தையிடம் விளக்கம் தந்தான். பின்னாளில் சுவாமி விவேகானந்தராக விளங்கிய அச்சிறுவன், பிறர் ஆராயாமல் நம்பியதை ஆராய்ந்து பார்த்தான்.

யானையும் பாகனும்

அப்படியானால் எவரோடும் எப்படியும் பழகலாமா? தீய வழக்கங்கள் உடைய தோழரால் பிள்ளை கெட்டுவிட்டால் யார் பொறுப்பு என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ணர் கூறிய யானைக் கதை இதற்கு விடை தருகிறது.

எல்லாம் நாராயணனே என்று குரு உபதேசிக்கக் கேட்ட சீடன் ஒருவன், மதம் பிடித்த யானை எதிரே வந்தபோது விலகாமல் நின்றான். விலகிப் போகும்படி பாகன் கூவியதையும் அவன் பொருட்படுத்தவில்லை. யானை அவனைத் தூக்கி எறிந்தது. உணர்வு திரும்பியபின் அவன் கூறிய விளக்கத்தைக் கேட்ட குரு, யானை நாராயணன் வந்தது உண்மையே, ஆயினும் பாகன் நாராயணன் எச்சரித்தபோது அவன் சொல்லைக் கேட்டிருக்க வேண்டாமா என்று வினவினார். புலியினுள்ளும் இறைவன் இருக்கிறான். அதற்காகப் புலியைத் தழுவ வேண்டியதில்லை என்பதும் பகவானின் தெளிவுரை.

இங்கே இரண்டு நிலைகள் வேறுபடுத்தப்படுகின்றன. ஒன்று, எல்லோரிடத்தும் கொள்ள வேண்டிய நல்லெண்ணம். மற்றொன்று, சிலரிடம் மட்டும் கொள்ளும் நெருக்கம். பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் 'ஸுஹ்ருத்', 'மித்ர' என்னும் இரு சொற்கள் தனித்தனியே வருகின்றன. கைம்மாறு கருதாமல் நன்மை செய்பவன் ஸுஹ்ருத் என்றும், சிநேகம் உடையவன் மித்திரன் என்றும் ஆதி சங்கரர் பொருள் உரைக்கிறார். ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவில் பகவான் தம்மை எல்லா உயிர்களுக்கும் ஸுஹ்ருத் என்றே அறிவிக்கிறார்.

ஆகவே முரண்பாடு நீங்குகிறது. ஸுஹ்ருத்தாக இருத்தல் அனைவருக்கும் செலுத்த வேண்டிய கடன். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மித்திரனாதல் காலப்போக்கில், குணம் அறிந்து நிகழ வேண்டியது. அதற்கு ஆராய்ச்சி தேவை. முன்னது இல்லாமல் பின்னது நேர்மையாக நிகழ முடியாது. ஏனெனில் நல்லெண்ணத்தோடு அருகில் அமராதவனால் எவருடைய குணத்தையும் அறிய இயலாது. மதம் பிடித்ததைக் கண்டபின் விலகுவது விவேகம். யானை என்பதாலேயே வெறுப்பது விவேகம் அன்று.

வகுப்பறையில் ஒரு பரீட்சை

இந்தத் தத்துவம் நம் காலத்தில் சட்டத்தின் வழியாகவும் வகுப்பறைக்குள் வந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு வழங்கப் பணித்தது. 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அரசு உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. அக்கல்வியாண்டில் பெங்களூரிலும், வீட்டு வேலை செய்வோரின் பிள்ளையும் அந்த வீட்டுக்காரரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமரும் வாய்ப்பு உண்டாயிற்று.

ஆனால் அதே ஆண்டு ஜூலையில், பெங்களூரின் பள்ளி ஒன்றில் இச்சட்டத்தின் கீழ்ச் சேர்ந்த குழந்தைகளை அடையாளம் காண்பதற்காக அவர்களின் தலைமுடியைச் சிறிது கத்தரித்துவிட்டதாகப் புகார் எழுந்து, நாடெங்கும் செய்தியாயிற்று. ஒரே சீருடை அணிந்த குழந்தைகளிடையே வேறுபாட்டைக் காண முடியவில்லை என்பதே அங்கே குறையாகிவிட்டது போலும்! பின்னர் 2018ஆம் ஆண்டின் இறுதியில் கர்நாடக அரசு விதிகளைத் திருத்தி, அருகில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இல்லாத இடங்களில் மட்டுமே தனியார் பள்ளிகள் இவ்வாறு இடமளிக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதனால் 2019-20 முதல் இவ்வகையில் சேர்வோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. சட்டம் இருக்கையை அளிக்கலாம், திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். இருக்கையில் அமர்ந்தவரைத் தோழராக ஏற்கும் மனத்தை அளிப்பது சட்டத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது.

ஏழைக் குழந்தையோடு பழகினால் தம் பிள்ளைக்கு என்ன நேரும் என்னும் அச்சத்தைப் பொருளியல் அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்திருக்கிறார். 2007 முதல் தில்லியின் வசதி மிக்க தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகள் சேர்க்கப்பட்டதன் விளைவைப் பற்றிய அவருடைய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஏழைத் தோழரோடு பயின்ற குழந்தைகள் பிறருக்கு உதவும் இயல்பும் பகிர்ந்தளிக்கும் மனமும் கூடுதலாகப் பெற்றிருந்தனர். தொடர் ஓட்டத்துக்கு இணை தேடச் சொன்னபோது, விரைவாக ஓடும் ஏழைச் சிறுவனை விட்டு, பரிசை இழக்க நேரினும் தம் வட்டத்தைச் சேர்ந்த மெதுவான சிறுவனையே சிலர் தெரிந்தெடுத்தனர். ஏழைத் தோழரோடு படித்தவர்களிடம் இந்தப் போக்கு குறைந்திருந்தது. படிப்பைப் பொறுத்தவரை, ஆங்கில மதிப்பெண்ணில் சிறிது குறைவு காணப்பட்டது. இந்தியிலும் கணிதத்திலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. மாற்றத்துக்குக் காரணம் உபதேசம் அன்று. அருகில் அமர்ந்து பழகியதே என்பதும் ஆய்வின் முடிவு. பெயரின் அகர வரிசைப்படி குழுக்கள் அமைக்கப்பட்ட வகுப்புகளைக் கொண்டே அதை அவர் உறுதி செய்தார்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஏழைக் குழந்தை, வசதியான குழந்தைக்குக் கருணையைக் கற்பிக்கும் பாடப்புத்தகம் அன்று. 'பாவம், அவனுக்கு உதவி செய்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், நட்பின் இடத்தில் தானம் வந்து அமர்ந்துவிடும். 'அவனிடமிருந்து இன்று என்ன கற்றாய்?' என்று கேட்பதே கண்ணன் அவலைக் கேட்டதற்கு ஒப்பாகும்.

மொழி தெரியாத இடத்தில்

பெங்களூர்க் குழந்தைக்கு மற்றொரு தடையும் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்நகரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவே. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, மலையாளம் எனப் பல மொழிகள் ஒரே வகுப்பறையில் சந்திக்கின்றன. மொழி புரியாத குழந்தை இடைவேளையில் தனித்து நிற்கிறது.

1911 மார்ச்சில் அன்னை ஸ்ரீ சாரதாதேவியார், ராமேசுவர யாத்திரைக்குப் பின் பெங்களூருக்கு எழுந்தருளி, பசவனகுடியிலுள்ள ராமகிருஷ்ண மடத்தில் சில நாட்கள் தங்கியிருந்தார். ஒருநாள் கவிபுரம் குகைக் கோயிலுக்குச் சென்று திரும்பியபோது, ஆசிரமத்தில் பக்தர்கள் திரளாகக் கூடியிருந்தனர். அன்னையைக் கண்டதும் அனைவரும் ஒருசேர வீழ்ந்து வணங்கினர். அன்னை கையுயர்த்தி ஆசி வழங்கிச் சிறிது நேரம் அசையாமல் நின்றார். பின்னர் கூடத்தில் மௌனமாக அவர்கள் நடுவே அமர்ந்தார். இவர்களின் மொழி தெரிந்திருந்தால் நாலு வார்த்தை பேசி மனநிறைவு அளித்திருக்கலாமே என்று அவர் வருந்தினார். அது எடுத்துரைக்கப்பட்டபோது, வார்த்தை தேவையில்லை, உள்ளம் நிறைந்துவிட்டது என்று மக்கள் விடையளித்தனர்.

அன்னை கன்னடம் அறியார். கூடியிருந்தோர் வங்காளம் அறியார். ஆயினும் எவரும் அங்கே அந்நியராக உணரவில்லை. 1920இல் தம் இறுதி நாட்களில் அன்னை அருளிய உபதேசமும் இதுவே: பிறர் குற்றம் காணாதே; உலகையே உன்னுடையதாக்கிக்கொள்; எவரும் அந்நியர் அல்லர். பெங்களூர்க் கூடத்தில் மௌனமாக வாழ்ந்து காட்டியதையே அவர் பின்னர்ச் சொல்லாக அருளினார் எனலாம்.

நண்பனைக் குறிக்கும் 'கெளெய' என்னும் கன்னடச் சொல், உறவையும் நட்பையும் ஒருங்கே குறிக்கும் 'கேள்' என்னும் தமிழ்ச் சொல்லின் உறவு என்பர் மொழி அறிஞர். புதிய தோழனின் மொழியில் நாலு சொல் கற்பதும் நட்பின் தொடக்கமே. சொல் தெரியாதபோது புன்னகையும், பகிர்ந்துகொள்ளும் ஒரு பென்சிலும் போதும்.

இல்லத்தில் தொடங்கும் சாதனை

பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தையிடம், 'புதிய நண்பனின் அப்பா என்ன வேலை பார்க்கிறார்? வீடு எங்கே?' என்று முதலில் கேட்பதுண்டு. தீய எண்ணம் ஏதுமின்றிக் கேட்கப்படும் கேள்விகள்தாம் இவை. எனினும் இவற்றின் வழியே துருபதனின் அளவுகோல் குழந்தையின் கைக்குச் சென்றுவிடுகிறது. 'அவனுக்கு என்ன பிடிக்கும்? இன்று யாராவது தனியாக உட்கார்ந்திருந்தார்களா?' என்னும் கேள்விகள் வேறு பாடத்தைக் கற்பிக்கும்.

குழந்தையிடம் நிபந்தனையின்றி எதிர்பார்க்கக் கூடியவை சில உண்டு. பக்கத்தில் அமர்ந்தவரின் பெயரை அறிதல், பட்டப்பெயர் சூட்டாதிருத்தல், தனித்து நிற்பவரை விளையாட்டுக்கு அழைத்தல். இவை ஸுஹ்ருத்தின் கடமைகள். எல்லோரையும் உயிர்த்தோழராக்கிக்கொள் என்று வற்புறுத்துவதோ வேண்டாதது. நெருங்கிய நட்பைக் குழந்தையின் உள்ளமும் காலமும் தீர்மானிக்கட்டும். தோழன் பொய்யிலும் துன்புறுத்துவதிலும் இன்பம் காண்பவன் என்று தெரிந்தால், பாகனின் குரலாகப் பெற்றோர் ஒலிக்கலாம். அப்போதும் விலகல் இருக்கலாம். வெறுப்பு இருத்தல் ஆகாது.

இதே சாதனை பெரியோருக்கும் உரியது. உயர்ந்த மதிற்சுவர்களும் காவலர்களும் கொண்ட குடியிருப்புகளில், அண்டை வீட்டாரின் பெயரும் தெரியாமல் வாழ்வோர் இன்று எல்லா நகரங்களிலும் உண்டு. பழகுவோர் யாவரையும் தாமே தெரிந்தெடுத்துக்கொண்ட மனிதன், தன்னைப் போன்றவரையே சுற்றிலும் காண்கிறான். கண்ணாடிகள் நிறைந்த அறையில் வாழ்பவனைப் போல் ஆகிறான். தான் தெரிந்தெடுக்காத ஒருவரிடத்தும் தன்னுள் உறையும் அதே ஆத்மாவைக் காண்பதே வேதாந்தம் கேட்பது. அதற்குக் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. வகுப்பறையின் இருக்கையே தவச்சாலை ஆகலாம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி மணி ஒலிக்கும்போது, கல்வியோடு இந்தக் கேள்வியும் குழந்தைகள் முன் வைக்கப்படுகிறது: பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார்? பெயரும் ஊரும் மொழியும் அதற்குரிய முதல் விடைகள். குணம் அடுத்த விடை. இறுதி விடையை அடைய வாழ்நாள் முழுவதும் வேண்டியிருக்கலாம். ஆயினும் சற்றே நகர்ந்து அமர்ந்து, புதிதாக வந்தவருக்கு இடம் அளிக்கும் குழந்தை அந்த விடையை நோக்கி முதல் அடியை எடுத்து வைத்துவிட்டது.